சதுரங்கப் பலகை ராகிக் கணக்கு: அந்த 20 இலக்க எண் எதனாலெல்லாம் வகுபடும்?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி. பிரித்துப் பார்த்தால் மூன்று. கிருஷ்ணகிரியில் தானிய மண்டி வைத்திருக்கிறீர்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் ராஜாவிடம் தானியம் பரிசு கேட்கும் சதுரங்கக் கதையைப் படித்துவிட்டு, முதல் கட்டத்தில் ஒரு ராகி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று 64 கட்டத்திலும் வைத்தால் மொத்தம் எத்தனை ராகி என்று கேட்டிருக்கிறாள். புத்தகத்தில் 18446744073709551615 என்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் போட்டால் 18446744073709600000 என்று வருகிறது. "எதுப்பா சரி? இது பகா எண்ணா? இல்லைன்னா எதனாலெல்லாம் வகுபடும்?" என்று கேட்டவளுக்குப் பதில் தெரியாமல் இங்கே எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "இவ்வளவு பெரிய எண்ணைக் கையால் பிரிக்க முடியுமா?" உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. முடியும். இரண்டு பக்கத் தாளும் ஒரு பேனாவும் போதும்.

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 2004 வரை ஒரே மாவட்டம். அந்தக் காலத்தில் பென்னாகரம் பக்கமும் ஊத்தங்கரைப் பக்கமும் மாறி மாறி அரசுப் பள்ளிகளில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். மொத்தம் 31 ஆண்டுகள். பெருக்குத் தொடர் பாடம் வரும்போதெல்லாம் இந்த எண்ணைக் கரும்பலகையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை எழுதுவேன். பாடம் முடிந்த பிறகும் அதை அழிக்க வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்லும். அப்படிப் பல ஆண்டுகள் கூடவே இருந்த எண் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எது சரி என்பதை முதலில் முடித்துவிடுவோம். புத்தகம் சொல்வதுதான் சரி. நீங்கள் போட்ட கணினிக் கட்டத்தாள் (ஸ்ப்ரெட்ஷீட்) ஓர் எண்ணை 15 இலக்கத்துக்கு முழுமையாக்கிக் காட்டிவிட்டு, மிச்ச இடங்களைப் பூஜ்ஜியத்தால் நிரப்புகிறது. மண்டி வரவுசெலவுக்கு அது தாராளம். ஒரு மணிகூடப் பிசகாத கணக்குக்கு ஆகாது. இதை மகளே கண்டுபிடிக்கலாம். முதல் கட்டத்தில் 1, மற்ற 63 கட்டங்களிலும் இரட்டை எண். எல்லாவற்றையும் கூட்டினால் ஒற்றைதானே வரும்? அப்படியானால் 600000 என்று முடிய வழியே இல்லை. கடைசி இலக்கத்தையும் சொல்லிவிடலாம். 2-ஐ இரட்டித்துக்கொண்டே போனால் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நான்கு நான்காகச் சுற்றும். 64 நான்கின் மடங்கு, ஆகவே 2⁶⁴ ஆறில் முடியும். மொத்தம் அதைவிட ஒன்று குறைவு, ஆகவே 5.

மொத்தம் ஏன் ஒன்று குறைவு? முதல் கட்டத்தில் கூடுதலாக ஒரே ஒரு மணியைப் போடச் சொல்லுங்கள். அங்கே இரண்டாகிறது. அதை அப்படியே இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளினால் அங்கே நான்கு. அதை மூன்றாவதுக்குத் தள்ளினால் எட்டு. இப்படித் தள்ளிக்கொண்டே போனால் எல்லாம் ஒன்றுசேர்ந்து, பலகையில் இல்லாத 65-ஆவது கட்டத்தின் அளவாக, அதாவது 2⁶⁴ ஆக நிற்கும். போட்ட ஒரு மணியைத் திரும்ப எடுத்துவிட்டால் மொத்தம் 2⁶⁴ − 1. அந்த 2⁶⁴-ஐக் கணக்கிட 64 முறை இரட்டிக்க வேண்டியதில்லை. வர்க்கத்தை மட்டும் ஆறு முறை போட்டால் போதும்: 2, 4, 16, 256, 65536, 4294967296, கடைசியில் 18446744073709551616. ஆறாவது வர்க்கம் மட்டும் ஒரு பக்கம் பிடிக்கும். வாய்விட்டுச் சொல்ல வேண்டுமென்றால் ஏழேழு இலக்கமாக வெட்டுங்கள்: ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, அதன்மேல் 44,07,370 கோடி, அதன்மேல் 95,51,615.

ராகியாகப் பார்த்தால் எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மண்டிக்காரருக்கு அது சொல்லாமல் எப்படி? என் வீட்டில் 5 கிராம் ராகியை எடைபோட்டு ஒரு மாலை முழுக்க எண்ணினோம். ஏறத்தாழ 1,900 மணிகள் வந்தன. ஆகக் கிராமுக்கு 380. ரகத்துக்கு ரகம், காய்ச்சலுக்குக் காய்ச்சல் இது மாறும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதனால் இந்தப் பத்தியில் வரும் எடையெல்லாம் தோராயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் 26-ஆவது கட்டத்தில் 88 கிலோ, அதாவது ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. பலகையின் முதல் பாதி, 32 கட்டமும் சேர்ந்து, 11 டன் சொச்சம். ஒரு லாரி லோடு. இதுவரை ராஜாவுக்கு வலிக்காது. மொத்தப் பலகைக்கும் 4,850 கோடி டன் ஆகிறது. உலகம் முழுக்க ஒரு வருஷத்தில் விளையும் நெல், கோதுமை, சோளம், ராகி எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ 280 கோடி டன்தான். பதினேழு வருஷ விளைச்சல் வேண்டும்.

கதை நடந்ததா என்றால், அது கதை. கேரளத்தில் அம்பலப்புழை பால்பாயசத்துக்கும் இதே கதையைச் சொல்வார்கள். ஆனால் எண் பழையது. 1000-ஆம் ஆண்டை ஒட்டியே அல்பிரூனி என்ற அறிஞர் இந்த இருபது இலக்கத்தையும் பிழையில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்.

இனி வகுபடும் விஷயம். இது பகா எண் இல்லை என்பது பார்த்தவுடன் தெரிகிறது. 5-இல் முடிகிறது, ஆகவே 5 வகுக்கும். இலக்கங்களைக் கூட்டினால் 87. அது 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. ஆகவே எண்ணும் 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. இது வரை ஏழாம் வகுப்புப் பாடமே போதும். அடுத்து எங்கே போவது என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறும். ஊத்தங்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒரு மாணவன் ரஃப் நோட்டில் 7, 11, 13 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே வந்தான். 17 மீதியில்லாமல் போனதும் எழுந்து நின்றுவிட்டான். அடுத்த நாள் 251 வரை வந்து, இனி ஒன்றும் இல்லை சார் என்று நோட்டை மூடினான். அடுத்த பகா எண்ணே 257. அதுவும் வகுக்கும்! அவன் உழைப்பில் குறை ஒன்றும் இல்லை. எண்ணின் உருவத்தை மட்டும் பார்த்தான், அது எப்படிப் பிறந்தது என்பதைப் பார்க்கவில்லை. இந்தப் பதிலில் நான் சொல்ல வருவது முழுக்க இதுதான். பெரிய எண்ணைப் பிரிப்பது எளிதா கடினமா என்பது அதில் எத்தனை இலக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது மட்டும் அல்ல, அது எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்தது.

நம் எண் 2⁶⁴ − 1. 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம், 1 என்பது 1-இன் வர்க்கம். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்பது கூடுதலையும் வித்தியாசத்தையும் பெருக்கியது. எட்டாம் வகுப்பு முற்றொருமை. ஆகவே 2⁶⁴ − 1 = (2³² + 1) × (2³² − 1). இரண்டாவது துண்டைப் பாருங்கள், அதுவும் அதே ஜாடை. அதையும் உடைத்தால் (2¹⁶ + 1) × (2¹⁶ − 1). மறுபடி (2⁸ + 1) × (2⁸ − 1). இப்படி ஐந்தாறு வரியில் கீழே வரைக்கும் இறங்கிவிடலாம். முடிவில் கையில் இருப்பது 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297. இருபது இலக்கம் அவ்வளவு சீக்கிரம் ஆறு துண்டாகிவிட்டது. ஒரு வகுத்தல்கூடப் போடவில்லை.

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணம் காட்டுகிறேன். தருமபுரியின் பின்கோடு 636701, உங்கள் கிருஷ்ணகிரியினுடையது 635001. ஆறே இலக்கம். ஆனால் இவற்றுக்குப் பிறப்பு என்று கணக்கில் ஒன்றும் கிடையாது, அஞ்சல் துறை வைத்த வரிசை எண் அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு பகா எண்ணாகத்தான் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு சின்ன உதவி மட்டும் உண்டு. இரண்டையும் வகுக்கும் எண் ஏதாவது இருந்தால் அது அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தே ஆக வேண்டும். வித்தியாசம் 1700, அதாவது 17 × 100. இரண்டும் ஒற்றை, 5-இல் முடியவும் இல்லை. ஆகவே பொதுவாக இருக்கக்கூடியது 17 ஒன்றுதான். வகுத்தால் இரண்டுமே போகிறது! 636701 = 13 × 17 × 43 × 67. 635001 = 3 × 17 × 12451. இந்த 12451 பகா எண்தான் என்று உறுதிசெய்ய 111 வரைக்கும் உள்ள 29 பகா எண்களையும் பார்த்து முடிக்க வேண்டியிருந்தது. இரண்டு ஊருக்கும் 17 பொது என்பது தற்செயல், அதற்கு அர்த்தம் தேட வேண்டாம். ஆனால் சதுரங்க எண்ணில் 17 இருப்பது தற்செயல் இல்லை.

ஏன் இல்லை என்பதை உங்கள் மகள் பல்லாங்குழிச் சோழியை வைத்துக்கொண்டே பார்க்கலாம். 1-இலிருந்து இரட்டித்துக்கொண்டே போங்கள். 17-ஐத் தாண்டினால் 17-ஐக் கழித்துவிடுங்கள். 1, 2, 4, 8, 16, பிறகு 32 வர வேண்டிய இடத்தில் 15, அடுத்து 13, அடுத்து 9, அடுத்து 18 வர வேண்டிய இடத்தில் 1. எட்டாவது தாவலில் கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிட்டது. இனி எட்டு தாவலுக்கு ஒரு முறை 1-க்கு வரும். 64 எட்டின் மடங்கு, ஆகவே 64-ஆவது தாவலிலும் 1-இல்தான் நிற்கும். அதாவது 2⁶⁴-ஐ 17-ஆல் வகுத்தால் மீதி 1. ஒன்றைக் கழித்தால் மீதியில்லை. இதையே 7-க்குச் செய்தால் 1, 2, 4, மறுபடி 1. மூன்று தாவலில் சுற்று முடிகிறது. 64 மூன்றின் மடங்கு இல்லை, ஆகவே 7 வகுக்காது. பலகையிலுள்ள ராகியை ஏழு பேருக்குச் சமமாகப் பிரித்தால் சரியாக ஒரு மணி மிஞ்சும். ஒற்றைப்படைப் பகா எண் எதை எடுத்தாலும் இந்தச் சுற்றின் நீளத்தைப் பாருங்கள். அந்த நீளம் 64-ஐ மீதியில்லாமல் வகுத்தால் அந்தப் பகா எண் நம் எண்ணை வகுக்கும், இல்லையென்றால் வகுக்காது. விதிவிலக்கே கிடையாது.

இப்போது ஆறு துண்டுகளுக்கு வருவோம். 3, 5, 17 பகா எண்கள் என்பதில் பேச்சில்லை. 257-ஐ 13 வரை சோதித்தால் போதும், பகா எண். 65537-உம் பகா எண். அதற்கான குறுக்குவழியைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். சிக்கல் கடைசித் துண்டு 4294967297-இல்தான், அதாவது 2³² + 1. அதன் வர்க்கமூலம் 65,536-க்கு மேல். அதுவரை உள்ள பகா எண்களெல்லாம் ஆறாயிரத்துக்கு மேல்.

இந்த இடத்தில்தான் 1640 வாக்கில் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதை சறுக்கினார். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் ஒரே குடும்பம். 2-ஐ எடுத்து வர்க்கம் வர்க்கமாக ஏறி, ஒவ்வொரு படியிலும் ஒன்று கூட்டினால் இவை வரும். ஐந்தும் பகா எண்களாக இருந்ததால் அடுத்தடுத்தவையும் அப்படியே இருக்கும் என்று அவர் நம்பினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்று கடிதத்தில் எழுதவும் செய்தார். ஏறக்குறைய நூறு ஆண்டு அது அப்படியே கிடந்தது. 1732-இல் ஆய்லர் அடுத்ததே, அதாவது நம் 4294967297, பகா எண் இல்லை என்று காட்டினார். அதை 641 வகுக்கிறது.

ஆறாயிரம் பகா எண்களில் 641-ஐ எப்படிப் பிடிப்பது? அந்தத் தாவல் சுற்றை வைத்துத்தான். ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 32-ஆவது தாவலில் மீதி, அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைவாக இருக்கும், 1-ஆக இருக்காது. 64-ஆவது தாவலில் 1-க்கு வந்துவிடும். ஆகவே சுற்றின் நீளம் 64-ஐ வகுக்கும், ஆனால் 32-ஐ வகுக்காது. அப்படிப்பட்ட நீளம் 64 ஒன்றே. ஃபெர்மா கண்டுபிடித்த வேறொரு விதி உண்டு: எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணிலும், அதைவிட ஒன்று குறைவான தாவல்களில் கட்டாயம் 1-க்குத் திரும்பியிருப்போம். ஆகவே பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் அது 64-இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். இனி 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்களை மட்டும் பார்த்தால் போதும்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் கிடைத்துவிடுகிறது. பெரிய எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் காரணியைப் பிடிக்க ஐந்தே வகுத்தல்! ஒவ்வோர் ஆண்டும் இந்த இடம் வரும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும், இன்றைக்கும்தான்.

641 வகுக்கிறதா என்பதைச் சரிபார்க்க நீள் வகுத்தல்கூட வேண்டாம். 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 640 + 1, மற்றும் 625 + 16. முதலாவது சொல்வது, 640-ஐ 641-ஆல் வகுத்தால் ஒன்று குறைகிறது, அதாவது மீதி −1. −1-ஐ நான்கு முறை பெருக்கினால் 1. ஆகவே 640-இன் நான்காம் அடுக்குக்கு மீதி 1. 640 என்பது 5 × 2⁷. அதன் நான்காம் அடுக்கு 5⁴ × 2²⁸. இங்கே 5⁴ என்பது 625. இரண்டாவது எழுத்துமுறைப்படி 625 என்பது 641-க்கு 16 குறைவு, ஆகவே அதை −16 என்று வைத்துக்கொள்ளலாம். 16 என்பது 2⁴. ஆக −2⁴ × 2²⁸, அதாவது −2³², மீதி 1 தருகிறது. அப்படியென்றால் 2³²-க்கு மீதி −1. ஒன்று கூட்டினால் பூஜ்ஜியம். முடிந்தது. வகுத்தால் ஈவு 6700417.

இப்போது 6700417 பகா எண்ணா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம்; முந்நூற்றுக்கும் மேற்பட்ட பகா எண்கள் வழியில் இருக்கின்றன. ஆனால் இதை வகுப்பது எதுவோ அது 2³² + 1-ஐயும் வகுக்கும், ஆகவே அதே விதிக்குள் வர வேண்டும். 1878-இல் லூக்காஸ் அந்த விதியை இன்னும் இறுக்கினார்: 64-இன் மடங்கு போதாது, 128-இன் மடங்கோடு ஒன்று. அப்படி 2588-க்குள் இருக்கும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 என்று ஐந்தே. எதுவும் வகுக்கவில்லை, ஆகவே 6700417 பகா எண். 65537-க்குச் சொல்கிறேன் என்றேனே, அது 2¹⁶ + 1, அங்கே சுற்றின் நீளம் 32, லூக்காஸ் விதிப்படி அதன் இரு மடங்கு 64; ஆகவே 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டியவற்றில் 256-க்குள் இருக்கும் பகா எண் 193 ஒன்றுதான். வகுத்தால் 110 மிஞ்சுகிறது. ஒரே வகுத்தலில் வேலை முடிந்தது.

ஆக உங்கள் மகளுக்கான பதில்: 18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரு முறைதான் வருகிறது. ஒவ்வொன்றையும் சேர்ப்பதா விடுவதா என்று இரண்டு இரண்டு வாய்ப்பு, ஆகவே 1-ஐயும் அந்த எண்ணையும் சேர்த்து மொத்தம் 128 வகுஎண்கள். இவையெல்லாம் தோராயம் இல்லை, யார் எங்கே போட்டாலும் இப்படித்தான் வரும்.

ஒரு லாரி லோடு என்று சொன்னேனே, அந்த முதல் பாதிப் பலகை, அதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அதன் மொத்தம் 2³² − 1, அதாவது 4294967295. மேலே உடைத்ததில் இதன் பங்கு 3 × 5 × 17 × 257 × 65537. ஃபெர்மா சரியாகச் சொன்ன ஐந்து பகா எண்களும் இங்கேயே அடங்கிவிடுகின்றன, வேறு ஒன்றும் இல்லை. 1796-இல், பத்தொன்பது வயது நிரம்பாத காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்துக்கொண்டு 17 சமபக்க உருவத்தை வரையலாம் என்று கண்டுபிடித்தார். இரண்டாயிரம் ஆண்டாக யாருக்கும் தெரியாதிருந்தது அது. ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட எந்த ஒழுங்கு உருவத்தை அப்படி வரைய முடியும் என்றால், பக்க எண்ணிக்கை இந்தக் குடும்பத்துப் பகா எண்களை ஒவ்வொரு முறை மட்டும் பெருக்கி வந்ததாக இருக்க வேண்டும். இன்று நமக்குத் தெரிந்த ஐந்தை வைத்து 31 உருவங்கள்தான் அமையும். அவற்றில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். உங்கள் மண்டி வாசலில் நிற்கும் ஒரு லாரி ராகியில் எத்தனை மணியோ, ஏறக்குறைய அத்தனை பக்கம்.

உறுதியாகத் தெரிந்தவை இதோடு நிற்கின்றன. ஃபெர்மாவின் குடும்பத்தில் 65537-க்குப் பிறகு இன்னொரு பகா எண் உண்டா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. 3-ஐப் பூஜ்ஜியமாவது என்று எண்ணத் தொடங்கினால், ஐந்தாவதாக வரும் நம் 4294967297 முதல் 32-ஆவது வரை ஒன்றுகூடப் பகா எண் இல்லை என்று உறுதியாகியிருக்கிறது. 33-ஆவது எப்படி என்பது தெரியவில்லை. இதில் 20-ஆவதும் 24-ஆவதும் விசித்திரம். அவை வகுபடும் என்று நிரூபித்தாகிவிட்டது, ஆனால் எதனால் வகுபடும் என்று ஒரு காரணிகூடக் கையில் கிடைக்கவில்லை. வகுபடும் என்று தெரிந்துகொள்வதும் வகுக்கும் எண்ணைக் கண்டுபிடிப்பதும் இரண்டு வேறு வேலைகள் என்பதைப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டித்தான் விளக்குவேன்.

பிறப்பைப் பார் என்று சொன்னதை எல்லா இடத்திலும் செல்லும் மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் எண்ணோடு 2-ஐக் கூட்டுங்கள்: 18446744073709551617, அதாவது 2⁶⁴ + 1. பிறப்பு அதே வீடுதான். ஆனால் வர்க்கங்களின் வித்தியாசம் இல்லை, கூடுதல். ஆகவே அந்த எட்டாம் வகுப்பு முற்றொருமை கைகொடுக்காது. 1855-இல் கிளாசன் என்பவர் காஸுக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பிரித்துக் காட்டினார். அந்தக் கடிதம் வெளியே தெரியாமலே கிடந்ததால், 1880-இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் 82 வயதில் தனியாக மறுபடி பிரித்தார். விடை 274177 × 67280421310721. பக்கத்தில் இருக்கும் எண் ஐந்து வரியில் உடைகிறது, இரண்டு தள்ளி இருப்பது ஒரு முதியவரின் பெருமுயற்சியைக் கேட்டது.

மகளுக்கு இப்போதைக்கு அதைக் கொடுக்க வேண்டாம், இதைக் கொடுங்கள். 6700417-ஐ நான் சொன்ன ஐந்து எண்களாலும் நீள் வகுத்தலாக வகுத்துப் பார்க்கட்டும். சரியாகப் போட்டால் 257-க்கு மீதி 170, 641-க்கு 44, 769-க்கு 120, 1153-க்கு 334, 1409-க்கு 622. மீதிகளை முன்கூட்டியே காட்டிவிடாதீர்கள், அவள் போட்டு முடித்த பிறகு சரிபாருங்கள். அதில் வேறு எண் வந்தால் எந்த வரியில் பிசகியது என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.